இருபத்திரண்டு பேருக்கு மேட்

எங்கள் வார்டில் நூறு நாள் வேலையை மேற்பார்க்கிற மேட்டாக இருந்தவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோனபோது, அந்த இடத்துக்கு யார் என்று அயல்கூட்டம் என்கிற எங்கள் பெண்கள் குழுவில் பேச்சு வந்தது. வார்டு மெம்பர் பாயில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். கூட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். மேட் என்றால் போனில் ஹாஜர் போட வேண்டும். வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்துக் காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் இல்லாதவருக்கு அன்றைக்கு ஹாஜர் இல்லை. இதையெல்லாம் செய்யப் படித்தவள் வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். படிப்பைத் தவிர அந்த வேலைக்கு வேண்டிய எதுவும் என்னிடம் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வந்துவிடுவேன். ஒறம்பரை என்று நாங்கள் சொல்கிற சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சமையலறைக்குள் மட்டும் என் பேச்சு கேட்கும். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். அவரிடம்கூட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் மனசுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

போதாததற்கு நான் மேய்க்க வேண்டிய கூட்டத்தில் என் மாமியாரும் இருந்தார். அந்த வேலை எங்கள் பஞ்சாயத்துக்கு வந்த நாளிலிருந்து போகிறவர். மண்வெட்டியை எடுத்தால் ஆண்களுக்கு ஒரு முழம் முன்னே போகிறவர். பத்தொன்பது பெண்கள், மூன்று ஆண்கள், ஆக இருபத்திரண்டு பேர். அவர்களில் என்னைவிட இளையவர்கள் இரண்டே பேர்தான்.

முதல் நாள் வேலை கிளை வாய்க்காலில் தூர் எடுப்பது. எருத்தேன்பதியிலிருந்து கிழக்கே போகிற வாய்க்கால் அது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. நான் கரைமேல் நின்று "எல்லாரும் வாங்க, படம் எடுக்கோணும்" என்றேன். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். கிணற்றுமேட்டிலிருந்து வருகிற அக்கா ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பட்டம்தான் இல்லையே தவிர, கூட்டத்தை அதுவரை நடத்தி வந்தவர் அவர்தான். இடுப்பில் கைவைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அம்மிணி, மனசுக்குள்ளயே பேசிக்கிறயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். படம் எடுத்தபோது பாதிப் பேரின் முகம் மற்றவர்களுக்குப் பின்னால் மறைந்தது. நாலு முறை எடுத்தேன். மதியப் படத்துக்கு நேரம் வந்தபோது ஏழு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஏழு பேருக்கும் ஹாஜர் போனது. அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று நான் யாருக்கும் காதில் விழுகிற மாதிரி சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், "எனக்கு இது வேண்டாமுங்க, நாளைக்கே சொல்லீர்றேன்" என்றேன். மாட்டுக் கொட்டகையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"உன்னால ஆவாதுன்னு நான் அப்பவே நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பருத்திக்கொட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வேலையை விடப் போகவில்லை. வேலைக்குத்தான் போனேன்.

முதலில் நான் மாற்றிக்கொண்டது போகிற நேரத்தை. எல்லாருக்கும் அரை மணி முன்னதாகப் போனேன். உண்மையைச் சொன்னால், போனில் நான் தடுமாறுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் போனேன். போனைத் திறந்து, சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று கரைமேல் அங்கும் இங்கும் நடந்தேன். அப்படி நடந்தபோது அன்று வேலை செய்ய வேண்டிய இடம் முழுக்க என் கண்ணில் பட்டது. ஓர் இடத்தில் உடைந்த பாட்டில்கள் கிடந்தன. இன்னோர் இடத்தில் கரை அடியில் அரித்து, மேலே மண் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுத்துச் செடிகளைத் தட்டிக்கொண்டே போனேன். பாம்புச் சட்டை ஒன்று கிடைத்தது.

மறுநாள் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து, துண்டு துண்டாகப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி கிடக்கிற இடத்தில் ஒரு துண்டு, இடிகிற கரையில் ஒரு துண்டு. வேலைக்கு வந்தவர்கள் அது என்ன என்று கேட்டார்கள். பதில் சொல்லும்போது எனக்குக் குரல் எழுந்தது. சொல்ல விஷயம் இருந்ததால் எழுந்தது என்று பிறகு புரிந்தது. அன்றிலிருந்து ஒருநாள்கூட அந்த நடையை விட்டதில்லை. மழை பெய்த நாளிலும் குடை பிடித்து நடந்தேன்.

ஆனாலும் இருபத்திரண்டு பேருக்குக் கேட்கிற குரல் ஒரு நாளில் வராது. அதற்கும் ஒரு வழி செய்தேன். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு மாட்டைக் காட்டுக்குள் கட்டப் போவேன். அங்கே மக்காச்சோளம் தலைக்கு மேல் நின்றது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இருபத்திரண்டு பேரின் பேரையும் வரிசையாக, வயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். மாடு முதல் இரண்டு நாள் மிரண்டது. பிறகு பழகிக்கொண்டது. பத்தாவது நாளோ என்னவோ, எங்கள் கூட்டத்தில் வேலை செய்கிற ஒருவரின் பேரை நான் உரக்கக் கூப்பிட்டபோது, பக்கத்துத் தோப்பில் தென்னை மரத்து உச்சியிலிருந்து "இருக்கறனுங்க" என்று பதில் வந்தது. கள் இறக்குகிறவர். அவருக்கும் அதே பேர். நான் மாட்டை விட்டுவிட்டு ஓடியே போனேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்த உயரத்துக்கு என் குரல் கேட்டிருக்கிறது.

மேட் வேலைக்கு மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் நிழலில் நின்று கை காட்டினால் எங்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். தினமும் முதல் அரை மணி, அன்றைக்கு எந்த இடம் கடினமோ அங்கே நான் இறங்கி வேலை செய்தேன். வேர் பறிக்கிற இடமாகவோ சுக்கான் பாறை தட்டுகிற இடமாகவோ இருக்கும். பக்கத்தில் நிற்பவர் தினமும் ஒருவர் மாறுவார். வேலை செய்துகொண்டே பேசினால் மனிதர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். நேருக்கு நேர் கேட்டால் "நல்லா இருக்கறன்" என்று முடித்துவிடுகிறவர், மண்ணை வெட்டிக்கொண்டே கேட்டால் முழங்கால் வலியைச் சொல்வார். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வெயிலில் தலை சுற்றும், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார், இதெல்லாம் இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்தது. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற, அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டு காதும் அநேகமாகக் கேட்பதில்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. உதட்டைப் பார்த்தே இத்தனை வருஷம் சமாளித்திருக்கிறார். கேட்கவில்லை என்று சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அன்றிலிருந்து அவரை எப்போதும் எனக்குப் பக்கத்திலேயே வேலைக்கு நிறுத்தினேன். அவர் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். ஆளுக்கு ஒரு பக்கம். எங்கள் ஊர் இருப்பது மலையாள எல்லைக்குள். பஞ்சாயத்து ஓவர்சியர் மலையாளம் பேசுகிற இளம்பெண். ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தா சேச்சி, ரேஷன் கார்டோ?" என்று சிரித்தார். நோட்டின் கடைசிப் பக்கங்கள் எனக்கு. அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்றை அங்கே எழுதுவேன். எழுத ஒன்றும் இல்லாத நாள் என்று ஒன்று வந்ததில்லை.

ஒரு நாள் தப்பு பெரிதாகவே நடந்தது. மூன்று ஆண்களில் மூத்தவர் வேலை நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் குரல் வந்திருந்தது. அதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடிக்கொண்டிருந்த சமயம் போல. "உக்காந்துட்டுப் போறதுக்கா வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நொண்டிக்கொண்டு நடந்தார். குதிகாலில் கருவேல முள் ஏறி, ரத்தம் செருப்பை நனைத்திருந்தது. என்னிடம் சொன்னால் மற்றவர்களுக்கும் வேலை நிற்கும் என்று தானே எடுக்கப் பார்த்திருக்கிறார்.

அன்று நோட்டில் எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றியது. மறுநாள் காலை படம் எடுக்க எல்லாரும் நின்றபோது சொன்னேன். "நேத்து ஐயன நான் பேசுனது தப்பு. என்னான்னு கேக்காமப் பேசீட்டேன். மன்னிச்சுக்கங்க ஐயா." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உடு கண்ணு, வேலையப் பாப்போம்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்த கிணற்றுமேட்டு அக்கா அன்று சிரிக்கவில்லை. மதியம் அவர் டிபன் டப்பாவிலிருந்து கொள்ளுத் துவையல் ஓர் உருண்டை என் சோற்றில் விழுந்தது.

மாமியார் விஷயம் அதற்கு அடுத்த மாதம். ஒறம்பரையில் ஒரு காதுகுத்துக்கு முந்தின நாள் போயிருந்தவர், மறுநாள் காலை பஸ்ஸை விட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்து சேர்ந்தார். நான் காலைப் படத்தை ஏற்றிக் கால் மணி ஆகியிருந்தது. அவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கப் போனார். இருபத்தொரு பேரும் கையிலிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அத்தை, படம் எடுத்தாச்சுங்க. இன்னைக்குச் சேக்க முடியாது."

"என்னையவா சொல்றே?"

"ஆமாங்க அத்தை."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. எப்படி முடிந்தது என்று இன்றும் தெரியவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பிறகு கிணற்றுமேட்டு அக்கா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "மாமியாளுக்கே இல்லீன்னா நமக்கெல்லாம் எங்க?"

வீட்டில் நாலு நாள் என்னோடு பேச்சில்லை. பேச வேண்டியதைப் பிள்ளைகள் வழியாகச் சொன்னார். "உங்கம்மாளக் கேளு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு." நான் பக்கத்திலேயே நிற்பேன். நானும் பிள்ளைகளிடமே பதில் சொல்வேன். மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் அவரைத் திருப்பி அனுப்பியதற்கு மறுநாள் காலையே, வழக்கம்போல நான் அரை மணி முன்னதாக வாய்க்காலுக்குப் போனபோது, கரைமேல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மண்வெட்டி. என் மாமியார். என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் தாமதமாக வந்தவர் யாரும் இல்லை.

விசில் வாங்கியது அந்தச் சமயத்தில்தான். இடம் மாறும்போதும், சாப்பாட்டுக்குப் பிறகும் விசில் ஊதுவேன். எல்லாரும் நிற்க வேண்டும், நான் பேர் சொல்லி எண்ணுவேன். "நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்று முதலில் கேலி செய்தார்கள். வாய்க்கால் வளைந்து போகிற இடங்களில் ஒருவருக்கொருவர் தெரியாது, யாராவது மயங்கி விழுந்தால்கூடத் தெரியாது என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் யார் எண்ணுவது என்று பிறகு தோன்றியது. வெள்ளிக்கிழமைதோறும் விசிலை வேறு ஒருவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு அவர்தான் காலையில் என்னோடு நடந்து பார்க்க வேண்டும், இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், எண்ண வேண்டும். கிணற்றுமேட்டு அக்கா முறை வந்தபோது கணக்கு இருபத்தொன்றில் நின்றது. மூன்று முறை எண்ணியும் இருபத்தொன்று. "ஒருத்தரக் காணம்" என்று பதறிச் செடிக்குள் தேடப் போய்விட்டார். அவர் தன்னையே எண்ணவில்லை என்று நாங்கள் சொன்னபோது, அவர் உட்பட எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாசி கடைசி. காடு காய்ந்து கிடந்தது. மேற்கே இருந்து காற்று நிற்காமல் அடித்தது. வாய்க்கால் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிப் போகிற இடத்தில் வேலை. காலையில் நடந்துபோனபோது வாய்க்காலில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரில் கதண்டு இறங்குவதைப் பார்த்தேன். வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய குளவி அது. ஒன்று போனதும் இன்னொன்று வந்தது. எல்லாம் ஒரே பக்கம் திரும்பிப் போயின. அங்கேயே உட்கார்ந்து, அவை போகிற வழியைப் பார்த்தேன். தோப்பின் ஓரத்தில் நின்ற பனைமரத்தில், காய்ந்த மட்டைகளுக்குள் ஒரு குடம் அளவுக்குக் கூடு தெரிந்தது.

ஓவர்சியருக்குப் போன் செய்தேன். "அவிடம் வேண்டா சேச்சி, மாறிக்கோ. ஆள விட்டு எடுப்பிக்காம்" என்று, ஆள் அனுப்பிக் கூட்டை எடுக்க வைப்பதாகச் சொன்னார். கூட்டத்தை நன்றாகத் தள்ளி, வாய்க்காலின் அடுத்த வளைவுக்கு மாற்றினேன். பனைமரத்துப் பக்கம் போகிற வழியில் சிவப்புத் துணி கட்டினேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு மோட்டார் ரூம் தெரிந்தது. கதவுள்ள கட்டடம். எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

"ரெண்டு விசில் ஊதுனா மண்வெட்டியப் போட்டுருங்க. முந்தானையத் தலைல போத்தீட்டு மோட்டார் ரூமுக்குப் போங்க. கையால அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது."

"ஒரு கொளவிக்கா இத்தன? இங்க மண்ணு கல்லாட்ட இருக்குது" என்று கிணற்றுமேட்டு அக்கா முனகினார். முனகிக்கொண்டே வெட்டினார்.

பதினொரு மணி இருக்கும். நான் வேலை நடக்கிற இடத்தின் மறுமுனைக்குப் போயிருந்தேன். காற்று ஒரு வேகம் எடுத்து அடித்தது. பனையிலிருந்து மட்டைகள் சரிகிற சத்தம் இங்கே வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு சத்தம். தூரத்தில் லாரி வருவது போல இருந்தது. நான் இரண்டு விசில் ஊதினேன்.

யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மண்வெட்டிகள் விழுந்தன. முந்தானைகள் தலைக்கு ஏறின. முழங்கால் வலிக்காரரை இரண்டு பேர் அணைத்துக்கொண்டார்கள். யாரும் கத்தவில்லை. மோட்டார் ரூமுக்குள் நெருக்கியடித்து நின்றோம். நாலு பேருக்குக் கொட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பேர் சொல்லி எண்ணினேன். இருபத்தொன்று.

இந்த முறை எண்ணியவரை விட்டுவிட்ட கணக்கு இல்லை. பெரியம்மா இல்லை.

"பெரியம்மா எங்க?" என்றேன். என் மாமியார் முகம் மாறியது.

"ஒதுங்கோணும்னா. உன்னக் கேட்டுட்டுப் போன்னேன். அக்கட்டால, அந்தச் செடிப் பக்கம் போயிட்டா."

அக்கட்டால என்று அவர் கை காட்டியது தோப்பின் பக்கம். எத்தனை விசில் ஊதினாலும் அவருக்குக் கேட்காது. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நிழலுக்குக் கட்டுகிற தார்ப்பாயையும் முதலுதவிப் பெட்டியையும் காலையிலேயே உள்ளே வைத்திருந்தோம். தார்ப்பாயை எடுத்தேன். இன்னொரு முனையை மாமியார் பிடித்துக்கொண்டார்.

"நான் போறேன். உனக்குக் கொளந்தைக இருக்குதுக."

"அத்தை, நீங்க கதவப் புடிங்க. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய உடாதீங்க."

அவர் விடவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். "மேட் சொல்றேனுங்க அத்தை."

அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. தார்ப்பாயை விட்டுவிட்டுக் கதவின் கொண்டியைப் பிடித்தார்.

பெரியம்மா உண்ணிச்செடியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, சேலையால் தலையை மூடிக்கொண்டிருந்தார். கைகளிலும் கழுத்திலும் கதண்டு ஒட்டியிருந்தது. என்ன நடக்கிறது என்று புரியாமல் கையால் அடித்துக்கொண்டிருந்தார். நான் தார்ப்பாயை இருவர் மேலும் போட்டு, அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்து, உதட்டை மெதுவாக அசைத்தேன். "அடிக்காதீங்க. எங்கூட வாங்க." அவர் தலையசைத்தார். வாய்க்காலுக்குள் இறங்கி, குனிந்தபடியே வளைவைத் தாண்டி நடந்தோம். எனக்கு எத்தனை கொட்டியது என்று அப்போது தெரியவில்லை. ஒவ்வொன்றும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தது போல இருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

கதவு எங்களுக்காகத் திறந்து, எங்கள் பின்னால் மூடியது. அதற்குள் கிணற்றுமேட்டு அக்கா முதலுதவிப் பெட்டியின் மூடியில் நான் எழுதி ஒட்டியிருந்த எண்ணில் வாடகை ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். ஓவர்சியருக்கும் சொல்லிவிட்டார். ஜீப் வாசலோடு ஒட்டி வந்து நின்றது. கொட்டு வாங்கிய ஆறு பேரும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்றவர்கள் மாமியார் சொன்ன பிறகுதான், காற்று தணிந்து கதண்டு அடங்கியதைப் பார்த்துவிட்டு, மறுபக்க வழியாக வெளியே போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது ஓவர்சியர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் உண்டோ சேச்சி?"

"இருபத்திரண்டும் உண்டுங்க மேடம். எண்ணீட்டேன்."

அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் நல்லபடி நடமாடினார். காது விஷயம் அப்போது எல்லாருக்கும் தெரிந்துபோனது. யாரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஓவர்சியரே அவரைக் காது பார்க்கிற முகாமுக்குக் கூட்டிப்போய், ஒரு கருவி வாங்கித் தர ஏற்பாடு செய்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் பெரியம்மா எங்களிடம், "நீங்கெல்லாம் இத்தன சத்தமாவா பேசறீங்க?" என்று கேட்டார்.

என் கை வீங்கி, ஒரு வாரம் வீட்டில் கிடந்தேன். வேலை நிற்கவில்லை. கிணற்றுமேட்டு அக்கா இடம் பிரித்தார். இளையவர்களில் ஒருத்தி என் போனில் படம் ஏற்றினாள். காலையில் குச்சியோடு நடந்து பார்த்தது என் மாமியார். சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் என் கட்டில் பக்கத்தில் நின்று சொல்வார்.

"இன்னைக்கு இருவது பேரு. ரெண்டு பேருக்கு ஒடம்புக்கு முடியல, சொல்லீட்டாங்க. தெக்கால ஒரு எடத்துல கரை அரிச்சிருக்குது, துணி கட்டீட்டேன்."

நான் கேட்காமலே தினமும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். உட்காருங்க அத்தை என்றால், "சொல்லீட்டு உக்காரறேன்" என்பார்.

இரண்டு மாதம் கழித்து, தாலுகாவில் உள்ள மேட்டுகளுக்கெல்லாம் சித்தூரில் ஒரு பயிற்சி நடந்தது. மேடையில் தலைமைப் பண்புகள் என்று மலையாளத்தில் ஒரு பட்டியலைத் திரையில் காட்டினார்கள். பிறகு ஓவர்சியர் என் பெயரைச் சொல்லி, நடந்ததைப் பேசச் சொன்னார். எனக்கு மலையாளம் புரியும், மேடையில் பேச வராது. தமிழில் பேசலாமா என்று கேட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்கள் பின்வரிசையிலிருந்து கை தட்டினார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்த பெரிய சொற்கள் எதையும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரை மணி முன்னதாகப் போவதைச் சொன்னேன். மாட்டுக்கு முன்னால் பேர் கூப்பிட்டுப் பழகியதைச் சொன்னபோது மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னபோது சத்தம் அடங்கியது. குளவி வந்த நாளில் நான் புதிதாக எதுவும் செய்யவில்லை, தினமும் செய்ததையே அன்றும் செய்தோம், அவ்வளவுதான் என்று சொல்லி முடித்தேன். மைக்கிலிருந்து தள்ளி நின்றுதான் பேசினேன். கடைசி வரிசைக்குக் கேட்டதாம். சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் என் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பிரித்திருக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆட்களின் விவரம் இருக்கிற பக்கங்களை நான் கையால் மூடிக்கொண்டேன்.

எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். நெம்பப் பெருமை. ஆனால் அதில் பாதிக்கு மேல் அன்றைக்குக் கதவைப் பிடித்தவருக்கும், போன் செய்தவருக்கும், கேள்வி கேட்காமல் ஓடியவர்களுக்கும் போக வேண்டியது. ஒருவர் சொல்வதை இருபத்திரண்டு பேர் நம்புவதற்கு ஒரு வருஷக் காலைகள் தேவைப்பட்டன.

போன ஆவணியில் பக்கத்து வார்டுக்கு மேட் வேண்டும் என்றபோது, கிணற்றுமேட்டு அக்கா பேரை நான்தான் சொன்னேன். அவருக்குப் போனில் படம் ஏற்றத் தெரியாதே என்றார்கள். கற்றுக்கொள்வார் என்றேன். ஒன்பது நாளில் கற்றுக்கொண்டார். இப்போது அந்த வார்டில் ஒரு குளம் வெட்டுகிறார்கள், எங்கள் வார்டில் நாங்கள் ஒன்று வெட்டுகிறோம். அவர்கள் எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஆரம்பித்தார்கள். நேற்று அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். எங்களைவிட ஒரு படி ஆழமாகப் போயிருக்கிறார்கள். மாமியாரிடம் வந்து சொன்னேன். அவர் மண்வெட்டியின் விளிம்பைக் கல்லில் தீட்டிக்கொண்டே, நாளைக்கு இன்னும் வெரசாப் போலாம் என்றார்.